மடித்து வெட்டாத நைட்டி

எங்கள் யூனிட்டில் துணியை மடித்து வெட்டக் கூடாது.

அது சட்டம். நைட்டியின் முன்பக்கத்தை வெட்டுவதற்கு மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பாதி உடம்புக்கான அளவு அட்டையை மேலே வைத்து, ஒரே வெட்டில் இரண்டு தோளையும் எடுத்துவிடுவார்கள். சோம்பேறிகள். நாங்கள் முழுத் துணியையும் விரித்து, முழு அட்டையையும் வைத்து, கழுத்து, தோள், அக்குள், இடுப்பு என்று ஒரு சுற்று சுற்றி வெட்டுவோம். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் ஏன் என்று கேட்டால் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்குவேன். மடித்தால் நடுவில் தடம் விழும். தடம் விழுந்த துணியில் ஓட்டம் இருக்காது. ஓட்டம் இல்லாத நைட்டிக்குள் காற்று நிற்காது. காற்று நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அவர்களும் அதற்கு மேல் கேட்டதில்லை. தலை நரைத்தவன் ஒருவன் இவ்வளவு நிதானமாகச் சொன்னால் காற்று நின்றுதான் ஆக வேண்டும்.

கல்யாண வீடுகளில் யாராவது என்ன தொழில் என்று விசாரித்தால், "பேஷன்ல இருக்கேன்" என்பேன். என் மனைவி பக்கத்தில் இருந்தால், "நைட்டி" என்று சொல்லி முடித்துவிடுவாள்.

என்னைப் பேஷனுக்குள் இழுத்துப்போட்டது என் அக்கா. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிட்டு நான் வீட்டில் படுத்துக்கிடந்த காலம். சங்கரன்கோவிலில் நைட்டி அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்த அக்கா ஒரு தையல் மிஷினை வாங்கி எங்கள் வீட்டு முன்னறையில் போட்டாள். அவள் தைத்தாள், நான் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ராயகிரிக்கும் கடையநல்லூருக்கும் போய்க் கடை கடையாகப் போட்டேன். பிறகு வெட்டுவதற்கும் அவளே கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. "கத்திரி ஒன் கையில இருக்கு. மூளைய எங்கலே வச்ச?" என்பதுதான் முழுப் பாடத்திட்டம். குரு, முதலாளி, அக்கா மூன்றும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் மனிதன் புகார் சொல்ல எங்கே போவான்?

எங்கள் தொழிலின் மூலவர் ஒரு பழுப்பு அட்டை. சுவரில் ஆணியில் தொங்கும். அக்கா முதன்முதலில் வெட்டிய அளவு அது. ஓரம் தேய்ந்துபோனால் அதை வைத்தே அச்சு அசலாகப் புதிது வெட்டிக்கொள்வோம். பெரிய சைஸ், சின்ன சைஸ் என்று எது வேண்டுமானாலும் அதிலிருந்துதான் கூட்டிக் குறைப்போம். அது அக்காவின் உடம்பளவு என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். எனக்கும் அதில் ஒரு பெருமை. தென்காசிப் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் என் அக்காவைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறார்கள் என்று வெளியூர் வியாபாரிகளிடம் அளந்துவிடுவேன்.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் உடை வடிவமைப்புப் படித்தாள். முடித்ததும் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளோ பெட்டியோடு இங்கே வந்து இறங்கி, "நம்ம யூனிட்லயே எம் பேர் போட்டு டிசைன் பண்ணப் போறேன்" என்றாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, ஒரு ஆர்டர். ஒண்ணே ஒண்ணு. அது ஒழுங்கா போச்சுன்னா இங்கன இரி. திரும்பி வந்துச்சுன்னா வாயத் தொறக்காம திருப்பூருக்கு ரயிலேறு. சரியா?"

"சரிம்மா."

வீட்டுக்கும் யூனிட்டுக்கும் வாசல் ஒன்றுதான்; மகளின் பெட்டி அந்த வாசல் பக்கத்திலேயே, பிரிக்கப்படாமல் நின்றது. வேண்டிய துணியை மட்டும் அதன் வாயைத் திறந்து எடுத்துக்கொள்வாள். நான் நடுநிலை வகித்தேன். அதாவது, பிள்ளை இங்கேயே இருக்க வேண்டும் என்று கோமதியம்மனிடம் மட்டும் சொல்லிவிட்டு, வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அந்தப் பெட்டியில் காலை இடித்துக்கொண்டேன்.

ஆர்டரும் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய துணிக்கடை. மகள் நம்மூர்த் தறித் துணியில் ஒரு நைட்டி வரைந்து அனுப்பியிருந்தாள். வெள்ளையில் அகலமான அரக்குக் கோடுகள், குறுக்குவாட்டில். ஏன் குறுக்கே என்று கேட்டேன். நமக்கு இத்தனை வருடமாகப் பொடிப்பூ போட்ட துணிதானே சோறு போடுகிறது?

"எங்க மிஸ் அப்படித்தாம்ப்பா பழக்குனாவ. மொதப் பீஸ குறுக்குக் கோட்டுல தைக்கணும். பூன்னா தப்பு மறஞ்சிரும், கோடுன்னா காட்டிக் குடுத்துரும்பாவ."

"நம்மகிட்ட என்ன தப்பு இருக்கு, காட்டிக் குடுக்கதுக்கு?" என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இத மடிச்சு வெட்டவாப்பா?"

நான் தொண்டையைச் செருமினேன். தடம், ஓட்டம், காற்று, எல்லாவற்றையும் சொன்னேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அப்பா சொல்கிறாரே என்று முழு அட்டையை வைத்தே முதல் கட்டை வெட்டினாள். மீதித் துணியை மட்டும், முதல் கட்டு பாஸாகட்டும் என்று தொடாமல் வைத்தாள்.

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த வாரம், கடையிலிருந்து சரக்கைச் சோதிக்க ஒரு மேடம் வருவதாகச் செய்தி. அன்று காலையில்தான் கடைசிப் பீஸ் மிஷினை விட்டு இறங்கியது. இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி, கம்பியில் தொங்கவிட்டோம்.

நைட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

லேசாகத்தான். அரக்குக் கோடுகள் எல்லாம் வலப்பக்கத்திலிருந்து கிளம்பி இடப்பக்கம் வரும்போது விரல் அகலம் இறங்கியிருந்தன. யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுப்பது போல அது தொங்கியது. அடுத்ததை மாட்டினோம். அதுவும் காது கொடுத்தது. கம்பி நிறைய மாட்டிய பிறகு பார்த்தால் ஒரு கூட்டமே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்பா," என்றாள் மகள், குரல் இறங்கி. "இது சாயுது."

"சாயல. கம்பிதான் சாஞ்சிருக்கு."

"கம்பி நேராத்தான இருக்கு?"

"அப்பம் கட்டடம் சாஞ்சிருக்கும்."

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். கம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், வாசல் பக்கம் பெட்டியைப் பார்த்தாள்.  

பதற்றத்தில் மனிதனுக்கு அபாரமான யோசனைகள் வரும். நான் கம்பியின் ஒரு முனைக்கு அட்டைத் துண்டுகளைச் சொருகி உயர்த்தினேன். கோடுகள் நேராயின, கம்பி ஏணி மாதிரி நின்றது. எல்லா ஹேங்கர்களும் சறுக்கி ஒரு மூலைக்கு ஓடின. பிறகு ஹேங்கரையே வளைத்தேன்; உடைந்தது. பிறகு ஒரு நைட்டியைத் தண்ணீர் தெளித்து இழுத்துப் பார்த்தேன். ஈரமாகவும் சாய்வாகவும் இருந்தது. கடைசியில் சாமி அலமாரியிலிருந்து கோயில் புற்றுமண்ணை எடுத்து ஒவ்வொரு நைட்டியின் உள்பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கறை விழும்ப்பா."

"கறைய வேணும்னா தொவைக்கலாம் மக்கா. சாய்வ எப்படித் தொவைக்க?"

தைக்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் போன் போட்டேன். "எக்கா, ஒடனே வா. ஒன் அட்டைக்கு என்னமோ ஆயிட்டு" என்றேன்.   "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மேடம் அக்காவுக்கு முன்னால் வந்துவிட்டார். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூடியிருக்கலாம். வெள்ளை ஷூ, தோளில் ஒரு பை, மெல்லிய குரல். பன்னீர் சோடாவை உடைத்து நீட்டினேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு நேரே கம்பிக்குப் போனார். நான் அவர் கண்ணில் படும்படி என் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றேன். கொட்டாவி போல இதுவும் தொற்றும், அவரும் சாய்த்தால் கோடு நேராகத் தெரியும் என்பது கணக்கு. கணக்கில் நான் ஏற்கனவே தோற்றவன் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்க, கழுத்துல சுளுக்குங்களா?" என்றார்.

பிறகு ஒரு நைட்டியை எடுத்து மேஜையில் விரித்தார். இடது தோளை எடுத்து வலது தோள் மேல் வைத்து, நடுவில் மடித்தார்.

எங்கள் யூனிட்டில் அதுவரை யாரும் ஒரு நைட்டியை அப்படி மடித்துப் பார்த்ததில்லை. தோளும் தோளும் சேரவில்லை. இடது தோள் விரல் அகலம் மேலே நின்றது. இன்னொன்றை மடித்தார். அதுவும் அப்படியே. நாற்காலியில் உட்காருவதாக நினைத்து, தைத்த துணிக் குவியலில் உட்கார்ந்தேன்.

"எல்லாமே ஒரே மாதிரி தப்பா இருக்குதுங்க," என்றார் மேடம். அவர் குரலில் ஒரு பாராட்டுகூட இருந்தது. "அப்ப இது தையல்ல வந்ததில்லீங்க, அட்டையில இருக்குது. இந்த அளவு யாரை வெச்சு எடுத்ததுங்க? அவங்க போட்டுக் காட்ட முடியுங்களா?"

அந்த நேரத்தில் அக்கா படியேறி வந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் மேஜையைப் பார்த்தாள். குறுக்குக் கோடுகளைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இவுகதான் மேடம்," என்றேன். "எங்க அக்கா. அட்டை இவுக அளவுதான். எக்கா, நேரா நில்லு. சேலைக்கு மேலயே போட்டுக் காட்டு."

அக்கா நைட்டியை வாங்கினாள். தனக்குப் போடவில்லை.

"ஏலே," என்றாள் என்னிடம். "சட்டையக் கழத்து."

"எதுக்கு?"

"கழத்துன்னா கழத்துலே. கேள்வி கேக்கான்."

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், ஒரு யூனிட்டின் பாதி முதலாளி, தன்னிடம் சம்பளம் வாங்குகிற பெண்கள் முன்னால் சட்டையைக் கழற்றினேன். அக்கா சொன்னால் நான் முதலில் செய்துவிட்டுத்தான் பிறகு பதறுவேன், அது பயிற்சி. பனியன், வேட்டியோடு நின்ற என் தலைவழியாக நைட்டி இறங்கியது.

"மைனி, அவுகளுக்கு என்னத்துக்கு நைட்டி?" என்றாள் என் மனைவி.

"இந்தா சொல்லுதேன். லே, மேஜை மேல ஏறிப் படு. மல்லாக்க. மத்தியானம் ஒறங்குவேல்லா, அப்படி."

ஏறிப் படுத்தேன். பழக்கதோஷத்தில் இடது கை தானாகத் தலைக்கு அடியில் போனது. நான் எப்போதும் அப்படித்தான் தூங்குவேன், தலையணை பிடிக்காது. அக்கா நைட்டியின் கீழ்விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு விலகி நின்றாள்.

கோடுகள் நேராக நின்றன. மார்பிலிருந்து முழங்கால் வரை, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல. இடது தோளில் ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்நாளில் எந்தச் சட்டையும் எனக்கு இவ்வளவு பொருந்தியதில்லை.

தைக்கிற பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"அப்பம் எனக்கு ஆறு மாசம்," என்றாள் அக்கா, மேடத்தைப் பார்த்து. "வயித்த வச்சுக்கிட்டு என் அளவ எப்படி எடுக்க? அம்மைட்ட கேட்டேன். 'எம் ஒடம்ப ஊரே உடுத்திக்கிட்டு அலையணுமா'ன்னு வெளக்கமாத்தத் தூக்கிட்டா. தெருவுல ஒருத்தியும் நிக்கல. காக்கித் தாள விரிச்சுப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு இருக்கேன், இந்தப் பய சோத்தத் தின்னுட்டு வந்து அந்தத் தாள் மேலயே, இதே மாதிரி கையத் தலைக்கு வச்சு ஒறங்கிட்டான். எழுப்புனேன், ஒதச்சேன், எந்திரிக்கல. சரி, கெடக்கது கெடக்குன்னு சாக்பீஸ வச்சு சுத்தி ஒரு கோடு இழுத்தேன். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் பொறவு கூட்டிக்கிட்டேன். தோள அப்படியே விட்டுட்டேன்."

"அப்பம் மடிச்சு வெட்டக் கூடாதுன்னு சொன்னது?" படுத்தவாறே கேட்டேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மடிச்சா தோள் சேராதே? நீ நோண்டி நோண்டிக் கேப்ப. தடம் விழும்னு சொன்னேன். காத்து நிக்கும், நிக்காதுன்னு சேத்துக்கிட்டது நீதான்."

நான் மேஜை மேல் கிடந்து கூரையைப் பார்த்தேன். சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ப் போட்ட மூட்டைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கடையநல்லூர்க் கடைகள், ராயகிரிச் சந்து, திருவிழாக் கடைகள். தென்காசிப் பக்கத்துப் பாதிப் பெண்கள் உடுத்தித் திரிந்தது என் அக்காவை இல்லை. என்னை. அதிலும், சோறு தின்றுவிட்டுத் தூங்கிய என்னை. எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். நைட்டியோடு எங்கே ஓட?

தைக்கிற பெண்களில் ஒருத்தி அடக்க மாட்டாமல் வெடித்தாள். பிறகு எல்லாரும். மேடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை நான் எப்படிங்க ரிப்போர்ட்ல எழுதறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மேடம். பிறகு குரல் மாறியது. "துணி நல்லா இருக்குது. டிசைன் எனக்கே பிடிச்சிருக்குது. ஆனா இந்தக் கட்டை நான் பாஸ் பண்ண முடியாதுங்க."

சிரிப்பு நின்றது. என் மனைவி மெதுவாக நகர்ந்து போய் வாசல் பக்கம் நின்றாள். பெட்டிக்குப் பக்கத்தில்.

"மேடம், ஒங்களுக்கு ரயில் எப்போ?" என்றாள் மகள்.

"சாயங்காலமுங்க."

"அதுக்குள்ள ஒரு பீஸ் சரியா தச்சுக் காட்டுனா?"

மேடம் யோசித்தார். "காட்டுங்க. சரியா இருந்துச்சுன்னா, திருப்பி வெட்டி அனுப்பச் சொல்லி எழுதறேன்."

மகள் ஆணியிலிருந்து அட்டையை எடுத்தாள். நான் நைட்டியோடு மேஜையிலிருந்து குதித்தேன். "மக்கா, என்ன செய்யுத? அது மூலவருல்லா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அத்தை, எந்தப் பக்கம் சரி?"

"வலது," என்றாள் அக்கா. "அந்தக் கை சும்மா கெடந்துச்சு."

கழுத்திலிருந்து கால் வரை நடுவில் ஒரு கோடு கிழித்து, மகள் கத்திரியை ஓட்டினாள். அந்தச் சத்தம் எனக்கு உச்சந்தலையில் கேட்டது. என் இடது பாதி தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். நைட்டியின் விளிம்பை மிதித்து, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தப்பினேன்.

பிறகு மகள் கோட்டுத் துணியை விரித்தாள். கோட்டின் மேல் கோடு படும்படி நகத்தால் நீவி நீவி, நீளவாக்கில் இரண்டாக மடித்தாள். அத்தனை வருடத்தில் எங்கள் மேஜையில் மடிந்த முதல் துணி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணாச்சி," என்றது ஒரு மிஷின் பக்கமிருந்து ஒரு குரல். "காத்து நிக்குமா?"

தைத்தது மகள். பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக் கொடுத்தது அக்கா. திட்டவே இல்லை; அதுதான் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஒரு மூலையில், நைட்டியைக் கழற்ற வேண்டும் என்ற ஞாபகம்கூட இல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடித்து ஹேங்கரில் மாட்டியபோது நான் பார்க்கவில்லை. என் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் முகம் நேராக இருந்தது. அப்படியானால் கோடும் நேராகத்தான் இருக்கும்.

மேடம் அதை மேஜையில் விரித்து, தோளைத் தூக்கித் தோள் மேல் வைத்தார். சேர்ந்தது. மறுபடி விரித்து மறுபடி மடித்தார். அப்போதும் சேர்ந்தது. மீதியை இதே மாதிரி வெட்டி அனுப்பும்படி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "உங்களுக்கு நல்லா இருக்குதுங்க" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

 மகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி வாசல் பக்கத்துப் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த துணிகளை எடுத்து மகளின் கையில் திணித்தாள். வெறும் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"இத பரண்ல ஏத்துங்க. மொதல்ல நைட்டியக் கழத்துங்க. ஏணியில தடுக்கும்."

இப்போதெல்லாம் யூனிட்டில் எல்லாவற்றையும் மடித்துத்தான் வெட்டுகிறோம். மகளின் கோட்டு நைட்டி கோயம்புத்தூருக்குப் போகிறது. ஆனாலும் எனக்கு விமோசனம் இல்லை. காலையில் பால் வாங்கப் போனால், எங்கள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் பெண்கள் நிற்கிறார்கள். பழைய சரக்கு சீக்கிரம் கிழியாது, தையல் அப்படி. பேசிக்கொண்டே ஒவ்வொருத்தியும் இடது தோளை ஓர் இழு இழுத்துவிட்டுக்கொள்கிறாள். முன்பு அதை நைட்டி போட்ட பெண்களுக்கே உரிய ஒரு நளினம் என்று நினைத்திருந்தேன். என் மனைவிக்கும் அந்த நளினம் உண்டு. கல்யாணமான புதிதில் அதைப் பற்றி அவளிடம் நாலு வார்த்தை உருகிக்கூடப் பேசியிருக்கிறேன். இப்போது தெரிகிறது, என்னைத்தான் இழுத்து நேராக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு பாலை வாங்கி ஓடிவருகிறேன்.

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். ஆண்களுக்கான இரவு உடை ஒன்று போடலாமா என்று கடையில் கேட்கிறார்களாம்.

"எப்பா, ஒறங்கப் போறியளா?" என்றாள், ரொம்பப் பிரியமாக.

அவள் முதுகுக்குப் பின்னால் காக்கித் தாள் சுருள் தெரிந்தது. கதவு இடுக்கில் அக்கா சாக்பீஸோடு நின்றாள்.

அன்றிலிருந்து நான் மத்தியானம் தூங்குவதில்லை.